வக்கீலுக்கு மருந்து

“தலையைப் பிடிங்கன்னா வாலைப் பிடிக்கிறீங்களே!” என்று நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் பூனையைக் கோட்டைவிட்டு வெறும் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூனை சலவை இயந்திரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் திட்டியது.

வாரம் முழுக்க மருத்துவமனையில் கட்டுப் போடும் அறையில் நிற்கிறேன். ஊர்ப் புண்ணெல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகிறது. கிடைப்பது ஒரே ஒரு நாள் விடுமுறை. அன்றைக்கும் குளியலறையில் ஒரு நோயாளியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் மனிதர்.

அதுவும் யாரை? போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் வாயாடுவதால் தெருவே வக்கீல் என்று கூப்பிடும் கிழட்டுக் கடுவன் பூனையை!

நேற்று வரை அதைத் துடைப்பத்தால் விரட்டியவர் இவர்தான். பூனை முடி தனக்கு ஆகாது, அது வாசல்படி தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டவரும் இவர்தான். இன்றைக்கு என்ன ஞானோதயமோ, மாடிப்படிக்கு அடியில் சுருண்டு கிடந்ததைத் துண்டில் சுற்றித் தூக்கிவந்து, “பாவம், கொஞ்சம் பாரேன்” என்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பார்த்தேன்.

கழுத்துக்குக் கீழே கடி. இன்னொரு கடுவனின் பல் இறங்கி, மேலே மூடிக்கொண்டு, உள்ளே சீழ் கட்டியிருந்தது.

அலமாரியைத் திறந்தால் அங்கே ஒரு எரிச்சல். புதிதாக வாங்கி வைத்த கட்டுத்துணியில் பாதியைக் காணோம். களிம்புக் குழாய் கழுத்து நெரிபட்டுக் கிடந்தது. எனக்குத் தெரியாமல் பூனைக்குச் சொந்த வைத்தியம் பார்த்திருக்கிறார், கைமீறிப் போனதும் என்னிடம் வந்திருக்கிறார்.

அது அவருக்குப் புதிதல்ல. சர்க்கரை மாத்திரையையே தன் இஷ்டத்துக்கு நிறுத்துவார், திடீரென்று தொடங்குவார். “கால்ல ஒரு புண்ணுன்னு வந்து நின்னீங்க, நான் தொடவே மாட்டேன்” என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இரண்டாம் முறை ஒழுங்காகப் பிடித்தார். நான் முடியைக் கத்தரித்தேன். வக்கீல் வாதாடினார்.

ஈரத் தரையில் சாக்ஸோடு நின்றுகொண்டிருந்தார் வீட்டுக்காரர். கழற்றுங்கள் என்றால் குளிருகிறதாம். நெற்றியிலோ வேர்வை வழிகிறது.

புண்ணைக் கழுவ அவர் எடுத்து நீட்டியது தரை துடைக்கும் கிருமிநாசினி. பிடுங்கி அப்பால் வைத்தேன். பூனை அதை நக்கினால் போய்ச் சேர்ந்துவிடும் என்றேன்.

“மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முறைத்தேன்.

அயோடின் மருந்தை இளம் தேநீர் நிறத்துக்குக் கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சினேன். சீழ் உடைத்துக்கொண்டு வந்தது. கூடவே அவருடைய கேள்விகளும் வந்தன. கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? நாற்றம் அடித்தால்? ஓரம் கறுத்துப் போனால்?

பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற வேன் ஓட்டுநருக்கு இத்தனை விசாரணை எதற்கு?

“கறுத்துப் போனா வெட்டி எடுக்க வேண்டியதுதான்” என்றேன் எரிச்சலோடு.

அவர் பிடி தளர்ந்தது. வக்கீல் என் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தார். ரத்தம் எட்டிப் பார்த்தது. உருப்படியாக ஒரு பூனையைப் பிடிக்கத் தெரியாதவரைக் கட்டிக்கொண்டேனே என்று வாய்விட்டே புலம்பினேன். வழக்கமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். இன்றைக்குத் துண்டை மட்டும் இறுக்கிப் பிடித்தார்.

மறுபடி பீய்ச்சினேன். வக்கீல் உச்சத்தில் கத்தினார்.

அந்தக் கத்தலுக்கு நடுவில்தான் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

“வலியே தெரியலைன்னா?”

“இந்தக் கத்து கத்துது, உங்களுக்குக் காது...”

பாதியில் நிறுத்தினேன். அவர் பூனையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது சாக்ஸின் நுனியில் பழுப்பாக ஓர் ஈரம் இருந்தது. மருந்து அந்தப் பக்கம் சிந்தவே இல்லை.

பூனையின் புண்ணைத் திரும்பப் பார்த்தேன். நான் கத்தரிக்கும் வரை அங்கே முடி அப்படியே இருந்தது. அதில் களிம்பின் பிசுக்கு இல்லை. துணி கட்டிய தடமும் இல்லை.

தினமும் எத்தனையோ பேர் காலைப் பிரித்துப் பார்க்கிறவள், ஒரே வீட்டில் இருக்கும் காலைப் பார்க்கவில்லை.

வக்கீலை விட்டுவிட்டேன். அவர் கழுத்தை உதறிக்கொண்டு வெளியே நடந்தார்.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டினேன். முக்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார். கிளட்ச் மிதிக்கிற அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“தொட மாட்டேன்னு சொன்னியே” என்றார்.

தரையில் உட்கார்ந்தேன். கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன்.

“காலைக் குடுங்க” என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.