இன்னொரு வளையம்

ஆற்றுக்கு இக்கரையில் ஒரு ஸ்டேஷன், அக்கரையில் ஒரு ஸ்டேஷன். நடுவே பாலத்தின் மேல் ஒரே ஒரு தண்டவாளம். பித்தளை வளையம் எந்த ரயிலிடம் இருக்கிறதோ, அந்த ரயில்தான் பாலம் ஏறலாம். இருப்பதோ ஒரே ஒரு வளையம்.

அன்று கூட்ஸ் ரயில் அதை மாட்டிக்கொண்டு அக்கரையிலிருந்து ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. இக்கரையில் காத்திருந்த மெயில் ரயிலுக்கு வந்ததே கோபம்!

"உப்பு மூட்டை சுமக்கிறவனுக்காக நான் நிக்கணுமா? எனக்குன்னு இன்னொரு வளையம் அடிக்கச் சொல்லப்போறேன். நினைச்ச நேரம் கிளம்புவேன்!"

வளையம் குறுக்கே புகுந்தது. "இது என்ன நியாயம்? நான் ஒருத்தி இருக்கிறதாலதானே நீங்க ரெண்டு பேரும்..."

"நீ பேசாதே, பித்தளைத் துண்டு!"

கூட்ஸோ துள்ளிக் குதித்தது. "அருமையான யோசனை அண்ணே! அப்போ இந்த வளையம் எனக்கே எனக்கு. இனி நானும் யாருக்காகவும் நிக்க வேண்டாம். நாளைக்கு நீங்க இங்கேருந்து வாங்க, நான் அங்கேருந்து வர்றேன். நடுப்பாலத்துல பார்த்துக்கலாம்!"

மெயிலின் புகை சட்டென்று நின்றது. "நடுப்பாலத்துல நீ எந்த ஓரமா ஒதுங்குவே?"

"நான் ஏன் அண்ணே ஒதுங்கணும்? என்கிட்டயும்தான் வளையம் இருக்குமே!"

மெயில் பாலத்தைப் பார்த்தது. கீழே சுழித்தோடும் ஆற்றைப் பார்த்தது.

"தம்பி," என்றது குழைவாக, "நாளைக்கும் நீ நிதானமாவே வந்து சேரு. நிக்கிறதுல எனக்கென்ன சிரமம்?"

வளையம் கலகலவென்று சிரித்தபடி மெயிலிடம் தாவியது. அதை இறுகப் பிடித்துக்கொண்டு, விசில் அடித்துப் பாடியபடியே மெயில் பாலம் ஏறியது.