ஆட்சேபணை இல்லை

மகளை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக ஆட்சேபணை இல்லை என்று, பிரிந்துபோன கணவனிடம் ஒரு கையெழுத்து வாங்குவதற்குள் வசுமதிக்குப் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. வாங்கிய அன்றே அந்தத் தாளை லேமினேட் செய்தாள். பையில்கூட வைக்காமல் மார்போடு அணைத்தபடிதான் விமான நிலையத்துக்கு வந்தாள். அங்கே அதிகாரி அதைக் கேட்கவே இல்லை. "இதக் கொஞ்சம் பாருங்க சார்," என்று அவளாகவே நீட்டினாள்.

"வேணாம்மா, கெளம்புங்க." பாஸ்போர்ட்டில் முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார். அவள் தாளைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

அந்த ஆத்திரம் பனிமலை ஏறிய பிறகும் அவளுக்கு அடங்கவில்லை. சரிவில் பிள்ளைகள் பலகைகளில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு ஒரு பலகைகூட மிச்சமில்லை. ஏழு வயது ஆதிரைக்கு உதடு பிதுங்கியது. வசுமதி பையைத் திறந்தாள். தாளை எடுத்துப் பனியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, மகளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா கையெழுத்து நனைஞ்சிடும்!"

"நனையாதுடி. அதுக்குத்தான் லேமினேட் பண்ணியிருக்கேன். கெட்டியாப் புடிச்சுக்கோ."

குதிகாலால் ஓர் உந்து உந்தினாள். அவள் போட்ட கூச்சலில், முன்னால் போன பிள்ளைகளெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.