வென்டலின் கை

வென்டலின் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைத் தேவைக்கு அதிகமாகவே இறுக்கிக் கட்டினாள் லொரெட்டா. அவர் முகம் சுளித்தார். அவளுக்கு அது போதவில்லை.

“கையை மூடுங்க” என்றாள்.

“மூடிட்டேன்.”

ஐந்து மாதத்துக்கு முன்புவரை இந்த மனிதர் அவளுடைய மேலதிகாரி. ஃபீனிக்ஸ் நகரில் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில், அவருக்குக் கீழே பத்தொன்பது வருடம் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவள் அவள். வட்டி ஏறியது, வீடு வாங்க வருபவர்கள் நின்றுபோனார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை கணினித் திரையில் அவசரக் கூட்டம். வென்டல் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். நாற்பது பேருக்கு வேலை போனது. ஏனென்று கேட்கலாமென்றால், எல்லோருடைய மைக்கையும் முன்கூட்டியே அடைத்து வைத்திருந்தார்கள். நான்கே நிமிடம்தான், திரை இருண்டுவிட்டது.

அதற்குப் பிறகு எங்கே வேலை கேட்டுப் போனாலும் ஒரே பாட்டு. “வட்டி இறங்கினா பழைய தொழிலுக்கே ஓடிப்போயிடுவீங்களே!” பள்ளிக்கூட அலுவலகத்தில் அதைச் சொன்னார்கள். மருந்துக்கடையிலும் அதையேதான் சொன்னார்கள். போகமாட்டேன், போகமாட்டேன் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, நாற்பத்தெட்டாவது வயதில், நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கக் கற்றுத்தரும் இந்த வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

இங்கேயும் இழுபறிதான். பிளாஸ்டிக் கையில் பிசகாமல் குத்துகிறவளுக்கு, உயிருள்ள கையைக் கண்டால் விரல் நடுங்கியது. போன வாரம் பயிற்சிக்குக் கை கொடுக்க வந்த இரண்டு தொண்டர்களிடமும் தோற்றாள். ஒருவருக்குக் கை நீலம் பாரித்துவிட்டது. இன்றும் தவறினால் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். சிறுநீரக சிகிச்சை நிலையத்தில் அவளுக்கென்று பிடித்துவைத்திருக்கும் வேலையும் வேறு ஆளுக்குப் போய்விடும்.

“ரெண்டு பேட்ச்சும் இன்னிக்கு ஒரே ரூம்ல. இடிச்சுக்காம உக்காருங்கப்பா!” என்று காலையிலிருந்தே ஆசிரியை பெர்னிஸ் கத்திக்கொண்டிருந்தார். அந்த நெரிசலில் லொரெட்டாவின் தோளைப் பிடித்து ஒரு மேசைப் பக்கம் தள்ளிவிட்டார். அங்கே, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வென்டல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன வென்டல், பொழுது போகலையா? தொண்டு செய்யக் கிளம்பிட்டீங்க?”

“மூணு வாரமா வர்றேன்.”

“அடேயப்பா! மனசாட்சி குத்துதோ? குத்தட்டும். இப்ப நானும் குத்தறேன்.”

அவர் கையை இன்னும் கொஞ்சம் நீட்டி வைத்தார்.

குத்தினாள். ஊசி உள்ளே போனது, ரத்தம் வரவில்லை. இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். வென்டல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அடுத்த மேசையிலிருந்து பெர்னிஸ் பார்த்துவிட்டார். “வெளிய எடு, லொரெட்டா. இன்னும் ஒரே ஒரு தடவை. அதுக்கு மேல அவர் கையைத் தொடக் கூடாது, தெரியும்ல?”

லொரெட்டாவுக்குக் கண் கலங்கியது. அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. புது ஊசியைப் பிரித்துக்கொண்டே, பல்லைக் கடித்தபடி சொன்னாள்.

“பத்தொன்பது வருஷத்துக்கு நாலு நிமிஷம், வென்டல். எங்க யார் பேரையும் நீங்க சொல்லலை.”

“பேர் சொல்லக் கூடாதுன்னு அந்தத் தாள்லயே எழுதியிருந்தாங்க.”

“நீங்களும் சரின்னு தலையாட்டிட்டீங்க.”

“ஆட்டிட்டேன்.” குத்துப்பட்ட கையை மறுபடி மேசைமேல் நீட்டினார். “தப்புதான், லொரெட்டா.”

அவர் ஏதாவது சாக்குச் சொல்வார், திருப்பிக் கொடுக்கலாம் என்று ஐந்து மாதமாகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். பட்டையை மறுபடி கட்டினாள். இந்த முறை அளவாக.

“ஊசியோட வாய் மேல பாத்து இருக்கட்டும்” என்றார் வென்டல் மெதுவாக. “கட்டைவிரலால தோலைக் கீழ இழுத்துப் பிடிங்க. அப்பத்தான் நரம்பு நழுவாது.”

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அதான் மூணு வாரமா வர்றேனே.”

தோலை இழுத்துப் பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு குத்தினாள். கண்ணாடிக் குழாய்க்குள் கருஞ்சிவப்பாக ரத்தம் ஏறியது. ஒரு கணம் அது யாருடைய ரத்தம் என்பதே அவளுக்கு மறந்துபோனது.

பெர்னிஸ் எட்டிப் பார்த்தார். “அப்பாடா! இதுக்கா இத்தனை நாள் என் உயிரை வாங்கினே?” என்று அவள் பயிற்சி ஏட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

லொரெட்டா வென்டலின் கையில் பஞ்சை வைத்து அழுத்திப் பிளாஸ்திரி ஒட்டினாள். கோபம் இன்னும் மிச்சமிருந்தது. ஆனாலும் கை கொடுத்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை.

“தேங்க்ஸ். நீங்க கிளம்புங்க, வென்டல். ஆபீஸ்ல தேடுவாங்க.”

அவர் கிளம்பவில்லை. மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். மேசையிலிருந்த பெட்டியிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினார்.

“எனக்கும் ஒரு தாள் வாசிச்சுட்டாங்க. இப்படி இந்த நாற்காலிக்கு வாங்க, லொரெட்டா. அடுத்து நான் குத்தணும்.”