பத்தொன்பது கிலோ

பள்ளிக்கூட அலமாரியில் எடை மெஷினும் கால்குலேட்டரும் அருகருகே இருந்தன. சத்து மாத்திரைத் திட்டத்தின் செலவை ஹெட்மாஸ்டர் அன்றுதான் கணக்குப் பார்த்து முடித்திருந்தார்.

"ஒரு பிள்ளைக்கு ஆகுற செலவு இந்த வருஷம் கொஞ்சம் கூடிப்போச்சு," என்றது கால்குலேட்டர்.

"மாத்திரை விலை ஏறிடுச்சா?"

"இல்ல. மொத்தச் செலவு அதேதான். வகுக்கும்போது ஒரு பிள்ளை குறையுது."



"போன மாசம் இறந்துபோன பூங்கோதை," என்றது எடை மெஷின். "மூணு வருஷமா அவளுக்குப் பத்தொன்பது கிலோவே காட்டினேன். மூணு தடவையும் டீச்சர் நோட்டுல எழுதிக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"நோட்டை மூடி என் மேலயே வெச்சுட்டாங்க. இப்பவும் இங்கதான் இருக்கு. அதோட கனத்துக்கு என் முள் அசையறதே இல்ல."