அழியாத பதிவு

சங்கரன்கோவிலில் அந்த ஸ்கேன் சென்டரின் படங்களெல்லாம் கீழ்த்தளத்துச் சர்வரில் இருந்தன. மாடியில் டாக்டர் ஒரு படத்தைத் திறக்க நெடுநேரம் ஆகும். அதை வேகப்படுத்த வந்த பெனிட்டா, ஒரே நோயாளியின் எண்ணையே போட்டுத் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"அதான் கண்ணு மூடித் திறக்கதுக்குள்ள வந்துட்டுல்லா? இன்னும் எதுக்கும்மா?" என்றார் டெக்னீஷியன் இசக்கித்துரை.

"ரெண்டாந்தடவை கம்ப்யூட்டர் தன் ஞாபகத்துல இருந்து எடுத்திரும், அண்ணாச்சி. அந்த ஞாபகத்தை அழிச்சிட்டுத் திறந்தாத்தான் நெசமான வேகம் தெரியும்."

அழித்தாள். திறந்தாள். படம் உடனே வந்தது.

"கொஞ்சம் முந்துனா என்ன, பிந்துனா என்ன? படத்துல இருக்கதுதான இருக்கும்!"

"வெளிய பெஞ்சுல காத்துக் கெடக்கவியளுக்குத்தான் அது தெரியும்."

"நீங்க என்னத்தக் கண்டீய?" என்று சிரித்தபடி அவர் திரைப் பக்கம் குனிந்தார். படத்தின் மூலையில் நோயாளியின் பெயர் இருந்தது.

பெனிட்டா.

அவர் சிரிப்பு நின்றது.

"போன வருசம் இந்தப் படம் திறக்கதுக்குள்ள நான் செத்துப் பொழச்சேன். கட்டி ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லுதவரைக்கும் நீங்கதான் பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுத்தீய. உங்களுக்கு ஞாபகம் இருக்காது, அண்ணாச்சி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அழியல."