டிக்கியில் ஓர் இடம்

மார்கழி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்கு, ஒரு வாடகைக் காரின் ஐந்து டயர்களில் முன்பக்கம் ஓடிக்கொண்டிருந்த வேலப்பன் என்ற டயரை மெக்கானிக் கழற்றினார். வேலப்பனுக்கு இளவயதுதான். ஆனாலும் ஓரம் பாதி தேய்ந்திருந்தது. இப்படியே ஓடினால் கோடையைத் தாண்டமாட்டான்.

அவனை டிக்கியில் போட்டுவிட்டு, அங்கே கிடந்த ஸ்டெப்னி சொக்கனை மெக்கானிக் வெளியே எடுத்தார்.

"அடப்பாவி, என் வேலையைப் பிடுங்கிட்டியே!" என்று வேலப்பன் கத்தினான்.

"உன் வேலை எங்கேயும் ஓடிப்போகாது மாப்ளே. மூணு மாசம் கழிச்சுப் பின்னாடி மாட்டுவாங்க. அதுவரை படு" என்றான் சொக்கன்.

"டிக்கியில படுத்துக் கிடந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நான் இத்தனை நாள் கிடந்தேனே! சோம்பேறின்னு சொன்னது நீ ஒருத்தன்தான்."

 முதல் நாள், கார் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வேலப்பன் பழக்கதோஷத்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டான். மூன்றாம் நாள், பயணி ஒருவர் வைத்த கொய்யாப்பழக் கூடையின் வாசத்தில் குறட்டைவிட்டுத் தூங்கினான்.

பங்குனி பதினெட்டாம் தேதி மெக்கானிக் மறுபடியும் ஜாக்கியோடு வந்தார். அன்று டிக்கி தனக்குத்தான் என்று ஐந்து டயர்களும் சண்டை போட்டன.