அந்தோனியாருக்கு வந்த சங்கடம்

“இன்னும் கொஞ்சம் விடுங்கோ, மச்சாள்” என்று அக்னெஸ் கிளாசை நீட்டினாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. அவளுடைய கணவனின் தங்கை செலீன், பாத்திரம் கழுவிய மஞ்சள் ரப்பர் கையுறைகளைக் கழற்றாமலே மேசைக்கு வந்து, போத்தலைச் சரித்து விளிம்புவரை ஊற்றினாள். தேத்தண்ணியைக்கூட அளந்து ஊற்றுகிறவள் அவள்.

“எனக்கெண்டு தந்ததை நீங்களே குடிச்சு முடிக்கிறியள்” என்று சிரித்தாள்.

“பால் சாமான், மச்சாள். வைச்சால் பழுதாப் போயிடும்.”

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அக்னெஸ் வீட்டிலேயே ஐரிஷ் கிறீம் செய்வாள். ரின்பால், கிறீம், கோப்பித்தூள், நல்ல ஐரிஷ் விஸ்கி, யாருக்கும் சொல்லாத ஒரு சிட்டிகை ஏலக்காய். தக்காளி சோஸ் வந்த அகல வாய்ப் போத்தல்களில் அதை நிரப்பி, அடிவரை பச்சைத் தாள் சுற்றி, பச்சை நாடா கட்டி வேண்டியவர்களுக்குக் கொடுப்பாள்.

இந்த வருடம் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் பின்னாலேயே போய், தானே குடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தாள். ‘அக்னெஸ் குடியில இறங்கிட்டா, பாவம் ஞானேந்திரன்’ என்று கோயில் வாசலில் கதை அடிபடத் தொடங்கியிருந்தது. பாதரிடம் போனபோது அவர் தன் பங்கை முடித்து, போத்தலையும் கழுவிக் கவிழ்த்திருந்தார்.

“தொண்டையில ஏதும் தட்டுப்பட்டதோ, பாதர்?” என்று கேட்டாள். அவர் கவலையோடு அவள் தலையில் கை வைத்துச் செபித்தார்.

தட்டுப்பட்டிருக்க வேண்டியது ஒரு மோதிரம். மாமியாரின் பழைய சிவப்புக்கல் மோதிரம். கணவன் ஞானேந்திரன் திடீரென வந்து போத்தல்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, வழக்கம்போல அதைக் கழற்றி அரிசிப் பேணிக்குள் ஒளிக்கப் போனபோதுதான் விரல் வெறுமையாக இருப்பதைக் கண்டாள். நிரப்பும்போது ஏதோ ஒரு போத்தலுக்குள் நழுவியிருக்க வேண்டும்.

தொலைந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. அந்த மோதிரம் முப்பது வருடங்களுக்கு முன்பே தொலைந்துவிட்டது. “செலீனிட்டைக் குடு” என்று மாமி தந்ததை, சண்டைக்குத் தப்பிக் கிளாலியில் வள்ளம் ஏறும்போது கடலில் விழுந்துவிட்டது என்று சொன்னவள் அக்னெஸ்தான். சொல்லிவிட்டு, சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்து, கனடாவின் மொன்றியல்வரை கொண்டுவந்திருந்தாள்.

அன்றிலிருந்து, வீட்டில் யாரும் இல்லாதபோது, சமையலறையில் மட்டும் அதைப் போடுவாள். ஒருவரும் பார்க்காத நகையில் என்ன இன்பம் என்று தன்னையே கேட்டிருக்கிறாள். அது தன் விரலில் இருக்கிறது என்பதைவிட, செலீனின் விரலில் இல்லை என்பதுதான் இன்பம். நேர்மையாக யோசித்தால் இப்படிப்பட்ட பதில்கள் வருவதால், அவள் நேர்மையாக யோசிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

செலீனின் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே அந்தோனியார் சுரூபம் இருந்தது. அதன் முன்னால் பாதி எரிந்த மெழுகுதிரி. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அவர்.

“இப்பவும் அந்த மோதிரத்துக்கோ கொளுத்துறியள்?”

“ஓம். ஒரு செவ்வாயும் விட்டதில்லை.”

“கடலுக்கை விழுந்தது, மச்சாள். மீன் விழுங்கியிருக்கும்.”

“அவருக்குக் கடலும் ஒண்டுதான், கிணறும் ஒண்டுதான்” என்றாள் செலீன். “அதுசரி, போன செவ்வாய் உங்களையும் கோயில்லை கண்டன். அந்தோனியாருக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டனீங்கள். என்ன கேட்டனீங்கள்?”

“உலக சமாதானம்.”

அக்னெஸ் கிளாசுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரே மோதிரத்துக்கு இரண்டு பெண்களின் விண்ணப்பம். பாவம், மனுஷன் என்னதான் செய்வார் என்று சிரிப்பும் வந்தது.

மற்ற வீடுகளில் ஒன்றும் அகப்படவில்லை. பயத்தில் கடைசிக்குத் தள்ளிவைத்த போத்தல் இதுதான். இதற்குள்தான் இருக்க வேண்டும். மோதிரம் விழுந்தால் வாய்க்குள் அடக்கிக்கொண்டு, பனிச்சப்பாத்தை மாட்டி, அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவது என்று திட்டமிட்டிருந்தாள்.

கடைசிச் சொட்டும் கிளாசுக்குள் விழுந்தது. போத்தலை வாங்கிக் கவிழ்த்தாள். அடியில் தட்டினாள். கரண்டியை விட்டுச் சுரண்டினாள். கோப்பி மண்டிதான் வந்தது.

“என்ன மச்சாள், போத்திலுக்கை தேடுறியள்?”

அக்னெஸுக்கு அறை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. சொல்லிவிடலாமா? முப்பது வருடப் பொய்யை ஒரே வசனத்தில் இறக்கி வைத்துவிடலாம். அந்த வசனம் தொண்டைவரை வந்து, ஏலக்காய் மணக்கும் ஏப்பமாக வெளியே போனது.

“ஒண்டுமில்லை. நான் என்னத்தைத் தேடப்போறன்?”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஒண்டையும் துலைக்கேல்லையே?”

“இல்லையெண்டு சொல்லுறனெல்லே!”

“அப்ப சரி.”

செலீன் அந்தோனியாரை நிமிர்ந்து பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். பிறகு மஞ்சள் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து, ஆறுதலாகக் கழற்றினாள். சிவப்புக்கல் பளிச்சென்றது.

“அவரிட்டை நான்தான் முதல் கேட்டனான், மச்சாள்.”